கோதுமையை நிறுத்தும் முன் எந்த டாக்டரைப் பார்ப்பது? ஒரு நிகழ்வு ஆய்வு

என் தங்கைக்கு இருப்பது சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள ஒரு புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) என்று உறுதியாகத் தெரிய நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பொது மருத்துவர், மகப்பேறு மருத்துவர், வயிற்று டாக்டர், தோல் டாக்டர் எனப் பலரைப் பார்த்துவிட்டோம். யாரும் அக்கறை இல்லாமல் பார்க்கவில்லை. அவரவர் முன்னால் வந்த தொந்தரவுக்கு அவரவர் மருந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஒருவரிடம் போய்ச் சேரத்தான் இவ்வளவு காலம் ஆனது. அவளுடைய சம்மதத்தோடு, அவள் ரிப்போர்ட் ஃபைலை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கோதுமை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகத்தில் இருப்பவர்களுக்கு, யாரிடம் போவது, போகும்போது என்ன கேட்பது என்பதற்கு இந்த ஃபைல் உதவும்.

நோயாளியின் பின்னணி

தொந்தரவு தொடங்கியபோது அவளுக்கு வயது 31. திருச்சியில் பள்ளி ஆசிரியை, ஒரு மகன். நாங்கள் சோறு, இட்லி, தோசை என்று வளர்ந்தவர்கள். திருமணமாகிப் போன வீட்டில் மாமனாருக்கு சுகர் வந்தது. அதிலிருந்து மொத்த வீட்டுக்கும் ராத்திரி சப்பாத்தி, வாரத்தில் சில நாள் காலையில் கோதுமை ரவை உப்புமா. பல தமிழ்க் குடும்பங்களில் நடந்திருப்பதுதான் இது. அரிசியைக் குறைத்து கோதுமையைக் கூட்டுவது நல்லது என்றே எல்லோரும் நினைக்கிறோம்.

முதலில் வந்தது அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முடி கொட்டியது, வாய்ப்புண் அடிக்கடி வந்தது. வயிறு உப்புசம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொடங்கும். சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் ஒன்றுமே இல்லை. உடம்பு இளைக்கவில்லை. சீலியாக் என்றாலே ஒட்டிய கன்னமும் ஓயாத பேதியும்தான் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அவளைப் பார்த்தால் சந்தேகப்பட மாட்டார்கள். பெரியவர்களில் பலருக்கு இந்த நோய் ரத்தசோகையாக மட்டுமே தலைகாட்டும். சிலருக்கு எலும்புத் தேய்மானம், சிலருக்குக் கருத்தரிப்பதில் தாமதம், சிலருக்கு ஈரல் பரிசோதனையில் காரணம் புரியாத உயர்வு.

ரத்தசோகை என்ற முதல் தடயம்

குடும்ப டாக்டர் ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகலாம் என்று மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேனில் எதுவும் இல்லை. மூன்று மாதம் மாத்திரை போட்டும் அளவு ஏறவில்லை. "மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களா?" என்ற கேள்வியை அவள் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாள்! ஒரு நாள்கூட விட்டதில்லை. பிறகு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். உடனே ஏறியது. சில மாதங்களில் மறுபடி இறங்கியது.

இந்த இடத்தில்தான் நோய் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. நாம் சாப்பிடும் இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில். சீலியாக் நோய் முதலில் தாக்குவதும் அதே பகுதியை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடல் சுவரையே தாக்குகிறது. அங்கே சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. வாய்வழி மாத்திரை பலிக்காமல் போய், ஊசி வழியாக ஏற்றினால் பலிக்கிறது என்றால், கோளாறு உறிஞ்சும் இடத்தில் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை என்றால் சீலியாக் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும் என்று பிரிட்டனின் இரைப்பை குடல் மருத்துவர் சங்க வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊரில் ரத்தசோகை பெண்களுக்கு அவ்வளவு சகஜம். அதனால் காரணம் தேடும் பழக்கமே குறைந்துவிட்டது. எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு. ரத்தசோகையோடு பெண்கள் வாழப் பழகிவிட்டார்கள் என்பதற்காக அதன் காரணத்தைத் தேடாமல் விடுவது நியாயம் ஆகாது.

இரண்டு தவறான நிம்மதிகள்

வயிற்று உப்புசத்துக்காக ஒரு டாக்டரிடம் போனபோது எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் லேசான அழற்சி, மற்றபடி இயல்பு என்று ரிப்போர்ட் வந்தது. கேஸ் மாத்திரை, மன அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி அறிவுரை, குடல் எரிச்சல் நோய் என்று ஒரு பெயர். அந்த ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்தோம். "எண்டோஸ்கோப்பியே பாத்தாச்சே, ஒண்ணும் இல்லையே" என்று அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பேச்சும் முடிந்தது.

அந்த ரிப்போர்ட்டில் திசு எடுத்ததாக (பயாப்ஸி) ஒரு வரிகூட இல்லை. குடல் சுவர் கேமராவில் இயல்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மழுங்கியிருக்கலாம். சீலியாக் சந்தேகம் இருந்தால் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டுகள், முதல் பகுதியான குமிழிலிருந்து ஒன்றிரண்டு துண்டுகள் எடுக்க வேண்டும். பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால்தான் இத்தனை துண்டுகள். சந்தேகம் எழுதப்படாத எண்டோஸ்கோப்பியில் யாரும் அவ்வளவு எடுப்பதில்லை.

அப்புறம், உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லி அவள் கோதுமையை நிறுத்தினாள். சில வாரங்களில் உப்புசம் நன்றாகக் குறைந்தது. நிறுத்தி நான்கைந்து மாதம் ஆன பிறகு, உறுதி செய்துகொள்ளலாம் என்று ஒரு லேபில் சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்தாள். நெகட்டிவ். அதே லேபில் "உணவு ஒவ்வாமைத் தொகுப்பு" என்று இன்னொன்றையும் விற்றார்கள். கோதுமை, பால், முட்டை, தயிர், கத்திரிக்காய், வேர்க்கடலை என்று ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பில் வந்தது. அவள் அத்தனையையும் நிறுத்தினாள். தயிரையும் முட்டையையும் நிறுத்திய ரத்தசோகைக்காரி என்ன ஆவாள்? கால்சியமும் புரதமும் போய் இன்னும் துவண்டாள்.

அந்தத் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். அது அளப்பது உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிடுகிறோம் என்பதற்கான அடையாளமாகத்தான் அது பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கும். ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் எல்லாமே இதை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டறிய வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் இந்தத் தொகுப்புகள் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கப்படுகின்றன. உடம்புக்கு முடியாமல் வருகிறவர்களிடம் இதை விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நெகட்டிவ் வந்த சீலியாக் பரிசோதனை வேறு வகை. அது நல்ல பரிசோதனை, தவறான நேரத்தில் செய்யப்பட்டது. டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற அந்த எதிர்ப்பொருள் குளூட்டன் உள்ளே வரும் வரைதான் ரத்தத்தில் உயர்ந்திருக்கும். கோதுமையை நிறுத்திவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல இறங்கி இயல்புக்கு வந்துவிடும். குடல் சுவரும் ஆறத் தொடங்கும். அதனால் கோதுமையைச் சாப்பிடாமல் இருக்கும்போது செய்த பரிசோதனை நெகட்டிவ் என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகை ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது (மொத்த ஐ.ஜி.ஏ.) என்று பார்க்கவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. மிகக் குறைவாக இருக்கும். சீலியாக் நோயாளிகளிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களை விட அதிகம். அவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொய்யாகவே நெகட்டிவ் காட்டும். அப்படி இருந்தால் ஐ.ஜி.ஜி. வகை சீலியாக் பரிசோதனைக்கு மாற வேண்டும். (உணவுத் தொகுப்பில் வரும் ஐ.ஜி.ஜி. வேறு, இது வேறு.)

சரியான டாக்டரைத் தேடியது

இந்த விவரங்கள் ஓரளவு புரிந்த பிறகு, நானும் அவளும் உட்கார்ந்து மருத்துவமனைகளுக்குப் போன் போட்டோம். முதலில் தெளிவாக வேண்டியிருந்தது, எந்தத் துறை என்பது. பெயர்ப் பலகையில் "கேஸ்ட்ரோ" என்று இருந்தால் போதாது. மெடிக்கல் கேஸ்ட்ரோ, சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ என்று இரண்டு உண்டு. இந்த வேலைக்கு வேண்டியவர் மெடிக்கல் கேஸ்ட்ரோ, அதாவது பொது மருத்துவத்துக்கு மேல் இரைப்பை குடல் மருத்துவத்தில் டி.எம். என்ற சிறப்பு மேற்படிப்பு முடித்தவர். குழந்தை என்றால் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவர். கோதுமை சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது கோதுமை அலர்ஜி. அதற்கு அலர்ஜி நிபுணர் வேண்டும். வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. முழங்கை, முழங்கால், பிட்டத்தில் தாங்க முடியாத அரிப்போடு சின்னக் கொப்புளங்கள் வந்தால் தோல் டாக்டரே கண்டுபிடித்துவிட முடியும். கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலில் எடுக்கும் திசுவே சீலியாக் என்று சொல்லிவிடும். என் தங்கைக்கு முடி கொட்டல்தான், கொப்புளம் இல்லை.

எல்லோருமே நேரே டி.எம். டாக்டரிடம் போக வேண்டும் என்பதில்லை. முதல் ரத்தப் பரிசோதனையைக் குடும்ப டாக்டரே எழுதலாம். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ., கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அவ்வளவுதான். இந்த இரண்டையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதித் தருபவர் என்றால் அவரே சரியான முதல் டாக்டர்.

எங்கள் நிலைமை ஏற்கெனவே குழம்பிப்போயிருந்ததால் நிபுணர் தேவைப்பட்டார். போனில் நாங்கள் கேட்டது இதைத்தான்: சீலியாக் சந்தேகத்துக்கு எண்டோஸ்கோப்பி செய்தால் முன்சிறுகுடலில் திசு எடுப்பீர்களா, எத்தனை? ஒரு இடத்தில் வரவேற்பிலிருந்தே "குளூட்டன் பேக்கேஜ் இருக்கு மேடம்" என்று விலை சொன்னார்கள். இன்னொரு இடத்தில் பேசியவருக்குத் தெரியவில்லை. ஆனால் எண்டோஸ்கோப்பி அறை நர்ஸிடம் இணைத்தார். அந்த நர்ஸ் "குமிழ்ல தனியா, கீழ தனியா எடுத்து ரெண்டு பாட்டில்ல போட்டு அனுப்புவோம்" என்று சட்டென்று சொன்னார். அங்கே அடிக்கடி செய்கிறார்கள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது. அங்கேதான் போனோம்.

அந்த டாக்டரின் முதல் கேள்வி, "இப்பக் கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களாம்மா?" இல்லை என்றாள். அவர் ஃபைலில் இருந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் "கோதுமை உண்டு", "கோதுமை இல்லை" என்று அவளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். எண்டோஸ்கோப்பிக்கு நேரே "உண்டு, திசு இல்லை". ரத்தப் பரிசோதனைக்கு நேரே "இல்லை". இரண்டு நிம்மதிகளும் எப்படி வந்தன என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிட்டது. ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். நான்கு ஆண்டுகளில் யாரும் இதைச் செய்யவில்லை.

நோயறிதல்

அடுத்து அவர் எழுதியது மரபணுப் பரிசோதனை. ஹெச்.எல்.ஏ. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரண்டு வகைகளில் ஒன்றுகூட இல்லாதவருக்குச் சீலியாக் வர வாய்ப்பு அநேகமாக இல்லை. இந்தப் பரிசோதனைக்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை. இல்லை என்று வந்தால் அவளை மறுபடி கோதுமை சாப்பிட வைத்து வதைக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. இருக்கிறது என்று வந்தால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது. மூன்றில் ஒருவருக்கு அந்த மரபணு இருக்கும், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். அவளுக்கு டி.க்யூ.2 இருந்தது.

அதனால் மறுபடி கோதுமை. நாளுக்கு இரண்டு சப்பாத்தி, ஆறிலிருந்து எட்டு வாரம் வரை. ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். அமெரிக்க வழிகாட்டுதல் நாளுக்கு 3 கிராமாவது இரண்டு வாரம், தாங்க முடிந்தால் எட்டு வாரம் என்கிறது. பிரிட்டன் வழிகாட்டுதல் தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம் என்கிறது. முதல் வாரம் அவளுக்குக் கொடுமையாக இருந்தது. பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டி வந்தது. விட்டுவிடலாமா என்று அழுதாள். டாக்டர் போனில் கிடைத்தார், அளவைப் பாதியாக்கி மெல்ல ஏற்றச் சொன்னார். இந்தக் கட்டத்தைத் தாங்களாகவே யாரும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது.

ஆறு வாரத்துக்குப் பின் எடுத்த ரத்தத்தில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. இயல்பு வரம்பைப் போலப் பல மடங்கு. மொத்த ஐ.ஜி.ஏ. சரியாக இருந்தது. எண்டோஸ்கோப்பியில் ஆறு துண்டுகள் எடுத்தார்கள். குடலுறிஞ்சிகள் பெருமளவு மழுங்கிவிட்டன, குடல் பாதிப்பை அளக்கும் மார்ஷ் அளவுகோலில் 3பி என்று திசு ரிப்போர்ட் வந்தது.

அதோடு அவர் முடித்துவிடவில்லை. குடலுறிஞ்சிகள் மழுங்க வேறு காரணங்களும் உண்டு. ஜியார்டியா என்ற குடல் கிருமி, குடல் காசநோய், ஓல்மிசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை, தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய். ஸ்ப்ரூவும் ரத்தசோகை, பேதி, மழுங்கிய குடல் என்று ஏறக்குறைய இதே உருவில் வரும். ஆனால் அது ஆண்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் குணமாகும், ஆயுள் முழுக்கக் கோதுமையை விட வேண்டியதில்லை. அவளுக்கு எதிர்ப்பொருள் அவ்வளவு உயர்ந்திருந்ததும், மரபணு இருந்ததும், பிற்பாடு கோதுமையை நிறுத்தியதும் எல்லாம் இறங்கியதும் சேர்ந்துதான் சீலியாக் என்று உறுதியானது. திசுவை மட்டும் வைத்து நம் ஊரில் முடிவு கட்டினால் தப்பாகப் போக வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு கருத்து வேண்டுமானால் திசு ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) மருத்துவமனையில் கேட்டு வாங்கி வேறு திசு நிபுணரிடம் காட்டலாம்.

ஏன் இங்கே யாருக்கும் தோன்றவில்லை

2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு உண்டு. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேர், வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11. மரபணு மட்டும் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு: வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம்.

ஆக, திருச்சி டாக்டர் ஒருவர் பல ஆண்டுகள் தொழில் செய்தும் இந்த நோயைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவருக்குத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மரபணு நம்மிடமும் இருக்கிறது, நம் ராத்திரிச் சாப்பாடு மாறிக்கொண்டிருக்கிறது. டெல்லியிலோ சண்டிகரிலோ இதே தொந்தரவோடு போயிருந்தால் முதல் ஆண்டிலேயே பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று சொல்லும் தமிழர்களில் பெரும்பாலோருக்குச் சீலியாக் இருக்காது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் உண்டு. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள அதே பொருள். குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பியவர்களை வைத்து நார்வேயில் செய்து 2018இல் வெளியிட்ட சோதனையில், தொந்தரவை அதிகம் கொடுத்தது குளூட்டனை விட ஃப்ரக்டான்தான். சீலியாக் அல்லாத குளூட்டன் ஒவ்வாமை என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. சீலியாக்கும் கோதுமை அலர்ஜியும் இல்லை என்று தெளிந்த பிறகே அந்தப் பக்கம் போக முடியும். அதற்கும் கோதுமையை நிறுத்துவதற்கு முன் ரத்தம் கொடுத்திருக்க வேண்டும்.

பின்தொடர்ச்சி

கோதுமையை மறுபடி விட்டதும் இரண்டு வாரத்தில் வயிறு சரியானது. ஹீமோகுளோபின் ஆறு மாதத்தில் 11.6, அதுவும் வாய்வழி மாத்திரையிலேயே. எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்தார்கள். எலும்பு கொஞ்சம் பலவீனம், தைராய்டு இயல்பு. தயிரும் முட்டையும் வேர்க்கடலையும் திரும்ப வந்தன.

எதிர்ப்பொருள் மட்டும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. அந்த மருத்துவமனை உணவியலாளர் சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். ரத்தம் ஊறட்டும் என்று அம்மா தினமும் கொடுத்துக்கொண்டிருந்த மால்ட் பானம் பிடிபட்டது. கோதுமை இல்லாவிட்டாலும் மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. அடுத்தது கூட்டுப் பெருங்காயம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் பல வகைகளில் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் சிட்டிகை சிட்டிகையாகப் போய்க்கொண்டிருந்தது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, அதற்கு மாறினோம். ஹோட்டலில் ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே சாதா தோசையும் ஊற்றுவார்கள் என்பதால் வெளியில் தோசையையும் விட்டாள். இட்லி, பொங்கல் என்றால் பெருங்காயத்தைக் கேட்டுக்கொள்கிறாள். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் குளூட்டன் இல்லை. மாவு மில்லில் கோதுமை அரைத்த கல்லிலேயே அரைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பாக்கெட்டில் "குளூட்டன் இல்லாதது" என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் எங்களையும் பரிசோதித்தார்கள். அம்மாவுக்கும் எனக்கும் இல்லை. அவள் மகனுக்கு டி.க்யூ.2 இருக்கிறது, எதிர்ப்பொருள் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளர்ச்சி குறைந்தாலோ ரத்தசோகை வந்தாலோ உடனேயும் ரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை அவனுக்குத் தனியாகச் சப்பாத்தி போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவன் அம்மா சாப்பிடவில்லை என்பதற்காக அவனையும் நிறுத்த வைத்துவிடக் கூடாது என்று சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்.